சரியான விடைக்கு நான் போட்ட முட்டை

இயற்பியல் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி உங்கள் தலைமையாசிரியர் கேட்டார். "நல்லதா நாலு சொல்லுங்க சார்" என்றார். நல்லதாகச் சொல்ல என்னிடமும் நாலு உண்டு. அதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற அன்று மேடையிலேயே சொல்லியாகிவிட்டது, மாலையும் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கு வாயில் வராத ஒன்று பாக்கி இருக்கிறது. நேரில் பேசினால் பாதியில் வேறு கதைக்குத் தாவிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

எழுபத்தெட்டில் மண்ணூர் பக்கம் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். வயது இருபத்தைந்து. தற்காலிக வேலை. ஒழுங்காக இருந்தால் இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என்னை உட்காரவைத்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "கிளாஸ்ல ஒண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க. நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க. யாரும் உங்கள கடிச்சித் தின்னுட மாட்டாங்க." ரொம்பச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். இதைப் போய் ஒரு புத்திமதியாகச் சொல்கிறாரே என்று மனத்துக்குள் சிரிக்கக்கூடச் செய்தேன்.

பகல் வகுப்புகளோடு மாலை வகுப்பு ஒன்றும் என் தலையில் விழுந்தது. பக்கத்தில் சைக்கிள் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி இருந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். அவர்களைத் தனித்தேர்வாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதவைக்க கம்பெனியும் பள்ளியும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் மாலையில் வந்து படிப்பார்கள். கடைசியில் நாங்கள் ஒரு டெஸ்ட் வைப்போம். எல்லாப் பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கியவர்களின் பெயரை மட்டும் கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்களுக்குத்தான் பரீட்சை நாட்களில் லீவு. லிஸ்டில் பெயர் இல்லாதவன் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பரீட்சை எழுதினால், திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்பது அவன் பாடு.

இருபது பேர் வந்தார்கள். பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் ஆரோக்கியம். வடக்குப்பட்டுக்காரர், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு வருஷமாகக் கிரைண்டிங் பிரிவில் நின்றவர். சுற்றும் சாணைக்கல்லில் இரும்பை வைத்துப் பிசிறு எடுப்பதுதான் வேலை. கல்லுத் தூள் தலைமுடியில் படிந்து, வயதுக்கு மீறி நரைத்தவர் மாதிரி இருப்பார். அந்தப் பிரிவை மேற்பார்க்க ஒரு சார்ஜ்மேன் போடப்போகிறார்கள், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் அது உனக்குத்தான் என்று மேனேஜரே அவரிடம் சொல்லியிருந்தார். அதற்காக வடக்குப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். ஒரு வகுப்புகூட விடமாட்டார்.

சந்தேகம் கேட்பார். கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. எனக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பவர்களைப் பிடிக்கும் என்பதுதான் உண்மை.

எழுபத்தொன்பது ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று செய்தி வந்தது. அமெரிக்காக்காரன் மேலே சுற்றவிட்ட ஆய்வுக்கூடம், எங்கே விழும் என்று அவனுக்கே தெரியவில்லை. உங்களுக்கு இது ஒரு வரிச் செய்தி. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சோறு இறங்காதவர்கள் உண்டு. எப்படியும் சாகப்போகிறோம் என்று வளர்த்த கோழியை அடித்துத் தின்றுவிட்டுப் படுத்தவர்களும் உண்டு. தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் பஸ்ஸில் இதே பேச்சுதான்.

மாலை வகுப்பில் அன்று யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஏன் விழுகிறது, சொல்லுங்கள் என்றார்கள். நான் எழுந்து நின்றேன். இந்த இடத்தில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பி.எஸ்சி. படித்தபோது ஈர்ப்பு விசை, கோள்களின் இயக்கம் இரண்டையும் நான் சாய்ஸில் விட்டவன். அந்தப் பாடத்திலிருந்து ஒரு பெரிய கேள்விதான் வரும், அதற்குப் பதில் வேறு ஒன்றை எழுதிக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், விட்டுவிட்டேன். பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. சாய்ஸில் விட்டது விட்டபடியே இருந்தது. உங்களிலும் சாய்ஸில் விட்டவர்கள் இருப்பீர்கள், கையைத் தூக்க வேண்டாம்.

கரும்பலகையில் பூமியை வரைந்தேன். அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்டேன். "இதுதான் ஈர்ப்பு எல்லை. இதுக்கு உள்ள பூமி இழுக்கும். இதுக்கு வெளிய இழுக்காது. அதனாலதான் மேல போறவங்க எடை இல்லாம மெதக்கறாங்க. இந்த ஸ்கைலாப் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி எல்லைக்கு உள்ள வந்துடுச்சி. அதான் விழுது" என்றேன். கேட்கவே நன்றாக இருந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

ஆரோக்கியம் எழுதாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"சார், ஒரு டவுட்டு. நிலா அந்தக் கோட்டுக்கு வெளியதானே கீது?"

"ஆமா."

"அப்போ அத்த யாரு சார் புடிச்சி வச்சிக்கினு கீறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. "அது தன் வேகத்துல சுத்துது" என்றேன்.

"வேகம் இருந்தா நேராத்தானே சார் போவணும்? கல்லுல இரும்ப வச்சா பொறி வர்து இல்ல, அது கல்லு கூடவே சுத்தாது. கல்ல வுட்டுச்சின்னா நேரா ஓடும். ஒண்ணு சுத்திக்கினே கீதுன்னா, அத்த எதுவோ இழுத்துக்கினு கீதுன்னுதானே அர்த்தம்?"

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பேச்சில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டது. தலைமையாசிரியர் சொன்ன வார்த்தைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது. நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றிருந்தால் முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"ஆரோக்கியம், பன்னண்டு வருஷம் கல்லு முன்னாடி நின்னா விஞ்ஞானம் வந்துடாது. வந்துடும்னா இங்க எதுக்கு வர்றீங்க? கல்லுகிட்டயே கேட்டுக்க வேண்டியதுதானே?"

வகுப்பு சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் வாசலில் கூட்டம் கலையவில்லை. ஜனங்களுக்குத் தைரியம் சொல்லுங்கள் என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே எல்லையைச் சொன்னேன். இங்கே விழ வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஸ்கைலாப் போய் ஆஸ்திரேலியா பக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு நான் தெருவில் போனால் ஸ்கைலாப் சார் போகிறார் என்பார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்தச் சூட்டோடு சூடாக மாலை வகுப்பு டெஸ்டுக்கு வினாத்தாள் தயாரித்தேன். பத்து மார்க் கேள்வி: ஸ்கைலாப் ஏன் விழுந்தது, விளக்குக.

ஆகஸ்டில் டெஸ்ட் நடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து திருத்தினேன். ஒவ்வொரு தாளிலும் என் புள்ளி வட்டம் அழகாக இருந்தது. பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று போட்டுக்கொண்டே வந்தேன். ஆரோக்கியத்தின் தாளில் வட்டம் இல்லை. அவர் எழுதியிருந்தது இது. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம்.

"ஸ்கைலாப் மேலே இருந்தபோதும் பூமி அதை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இழுக்காவிட்டால் பொறி போல நேராக ஓடிப்போயிருக்கும். இழுத்ததால் வளைந்து வளைந்து சுற்றியது. வேகம் உள்ளவரை சுற்றியது. வேகம் குறைந்ததால் விழுந்தது. கரண்டு நின்றால் கல்லு மெதுவாகும், அப்போது பொறி தூரம் போகாமல் காலடியில் விழும். அதுபோல. எதனால் வேகம் குறைந்தது என்பது எனக்குத் தெரியவில்லை."

சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, அலமாரியில் இருந்த கல்லூரிப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். நான் சாய்ஸில் விட்ட பாடத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று.

நீங்கள் வகுப்பில் சொல்லப்போவதுதான், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈர்ப்புக்கு எல்லைக்கோடு கிடையாது. தூரம் கூடக் கூடக் குறையுமே தவிர அற்றுப்போகாது. ஸ்கைலாப் சுற்றிய உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. அது எப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாக ஓடியதால், அது விழ விழப் பூமியும் அடியில் வளைந்து விலகிக்கொண்டே போயிற்று. விழுந்தும் தரையைத் தொடவில்லை, அதற்குப் பெயர்தான் சுற்றுப்பாதை. உள்ளே இருப்பவர்கள் மிதப்பது இழுப்பு இல்லாததால் அல்ல. கயிறு அறுந்த வாளியும் அதிலுள்ள தண்ணீரும் கிணற்றில் சேர்ந்தே விழுகிற மாதிரி, ஆய்வுக்கூடமும் ஆட்களும் சேர்ந்து விழுகிறார்கள். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. அது வருஷக்கணக்கில் உரசி உரசி வேகத்தைத் தின்றதால்தான் ஸ்கைலாப் இறங்கியது. ஆரோக்கியம் தெரியவில்லை என்று எழுதிய அந்த ஒன்று இதுதான். மற்றதெல்லாம் சரி.

புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்குப் போட்டேன். மற்றக் கேள்விகளில் அவர் இருபத்தொன்பது வாங்கியிருந்தார். இதற்கு ஆறு மார்க் போட்டால் பாஸ். மற்றப் பாடங்களில் எல்லாம் பாஸ் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆறு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மற்றப் பத்தொன்பது பேர் எழுதியதும் தப்பு. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள். கேட்டால், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், அவர் சரியாகச் சொன்னபோது கேலி செய்தேன் என்று சொல்ல வேண்டும். சர்ச் வாசலில் மைக் பிடித்துச் சொன்னதும் தப்பு என்று ஆகும். நிரந்தரம் ஆகிற நேரம். டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், அதைத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

அப்போது தலைமையாசிரியர் கதவருகில் வந்து நின்றார். "முடிஞ்சுதா சார்? லிஸ்ட்டு இன்னிக்கே கம்பெனிக்குப் போயாவணும், ஆள் வந்து நிக்கிறான்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதனா கொழப்பமா?" என்று கேட்டார். அவரிடம் சொல்லியிருந்தால் திட்டக்கூட மாட்டார். உட்கார்ந்து வழி சொல்லியிருப்பார்.

"ஒண்ணும் இல்ல சார், முடிஞ்சிடுச்சி" என்றேன்.

அவர் போனதும் ஆரோக்கியத்தின் விடைமேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து முட்டை போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

லிஸ்டில் பத்தொன்பது பேர் போனார்கள். அன்று சாயங்கால வகுப்பிலேயே தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஆரோக்கியம் பள்ளி கேட்டில் நின்றிருந்தார். கையில் அந்தத் தாள்.

"சார், லீவுக்காக வரல. அது போனா போவட்டும். இதுல இன்னா தப்புன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு நாளா யோசிக்கிறேன், எனக்குப் புரியல."

"பாடத்துல சொன்னத நீங்க எழுதல ஆரோக்கியம்."

"அது இல்ல சார். நான் எழுதனது தப்பா?"

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, தப்பு" என்றேன்.

"சரி சார். நான்தான் தேவையில்லாம கல்ல வச்சிக் கொழப்பிக்கினேன்" என்று சொல்லிவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அதற்கப்புறம் வகுப்புக்கு வரவில்லை. சார்ஜ்மேன் வேலைக்கு வெளியிலிருந்து டிப்ளமோ படித்த ஒரு பையனைப் போட்டார்கள். ஆரோக்கியம் அவனுக்குக் கீழே அதே கல்லின் முன்னால் நின்றார்.

நான் நிரந்தரம் ஆனேன். அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பாடத்தைச் சரியாக நடத்தினேன். முன்னால் சொன்னது தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. பலகையில் அந்தப் புள்ளி வட்டத்தைப் போடுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் எல்லோருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும், அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. சரி எது என்று தெரிந்த பிறகு பேனா எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏழு வருஷம் போயிற்று. ஒன்பதாம் வகுப்பில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் சேர்ந்தாள். நன்றாகப் படிப்பாள், அதிகம் பேசமாட்டாள். விண்வெளியில் ஆட்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று பாடம் தொடங்கும் முன்பே வகுப்பைக் கேட்டேன். எப்போதும் கேட்கிற கேள்விதான். அவள் கையைத் தூக்கினாள். பலகைக்கு வந்து, பூமியை வரைந்து, அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போட்டு, இதற்கு வெளியே பூமி இழுக்காது சார் என்றாள்.

அந்தப் படத்தை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. "இது யார் சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"எங்கப்பா சார். அவரு மொதல்ல தப்பா நெனச்சிக்கினு இருந்தாராம். நீங்கதான் அவருக்குத் திருத்திச் சொன்னீங்களாம்."

வடக்குப்பட்டு ஆரோக்கியத்தின் மகள். பெயர்ப் பதிவேட்டில் அப்பா பெயர் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. மேற்கொண்டு பாடம் நடத்த முடியவில்லை. எல்லோரையும் வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவருடைய லீவையும் வேலையையும் கெடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சொந்தமாக யோசித்துக் கண்டுபிடித்த ஒரு சரியான விஷயத்தை அந்த மனுஷன் மரியாதையாகத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பொய்யைப் பத்திரமாக வைத்திருந்து பெற்ற மகளுக்குக் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலமே வடக்குப்பட்டுக்குப் போனேன். ஆரோக்கியம் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார். நான் உட்காரவில்லை.

"ஆரோக்கியம், அந்த டெஸ்ட்ல நீங்க எழுதனதுதான் சரி. நான் சொன்னது தப்பு."

முதலில் அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். பொறி, கல்லு, இழுப்பு எல்லாவற்றையும் அவர் வார்த்தையிலேயே சொன்னேன். முகம் மெதுவாக மாறியது. "அப்போ வேகம் எதனால சார் கொறஞ்சிது? அதுதான் எனக்குப் பிடிபடவே இல்ல" என்றார். காற்று உரசுவதைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் சந்தோஷப்பட்டார், அதை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "இது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தேன். ஸ்டெல்லா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது ஆரோக்கியம். இப்பதான் ஒரு புஸ்தகத்துல பார்த்தேன்" என்றேன்.

"அதானே. தெரிஞ்சிருந்தா மார்க்கு போட்டிருப்பீங்களே" என்றார். பிறகு மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பார்த்தியா ஸ்டெல்லா. எத்தினி வருஷம் கழிச்சி, தப்ப ஒத்துக்கறதுக்கு சார் வூடு தேடி வந்து கீறாரு. வாத்தியாருன்னா இப்படி இருக்கணும்." அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். உட்கார்ந்து குடித்தேன்.

ஆரோக்கியம் இப்போதும் வடக்குப்பட்டில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். சர்ச் திருவிழாவில் என்னைப் பார்த்தால் பேரப்பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, தப்பை ஒத்துக்கொள்ள வீடு தேடி வந்த வாத்தியார் இவர்தான் என்று காட்டுவார். போன வருஷமும் காட்டினார். பிள்ளைகள் எனக்கு வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன்.